போர்டு மாற்றிய பிறகு பழைய சாஃப்ட்வேர் திறக்கவில்லையா? அறிகுறி வாரியாகப் பாருங்கள்

கடைகளுக்கும் சின்ன ஆபீஸ்களுக்கும் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் புகார் இது: "மெஷின் இப்ப பறக்குது சார், ஆனா பில்லு மட்டும் போட முடியல." எஸ்எஸ்டி போட்டிருப்பார்கள், ராம் கூட்டியிருப்பார்கள், இல்லையென்றால் மதர்போர்டையும் பிராசஸரையும் சேர்த்தே மாற்றியிருப்பார்கள். புதிதாக வாங்கிய பாகத்தில் பெரும்பாலும் பழுது இருக்காது, சாஃப்ட்வேரும் கெட்டிருக்காது. டிஸ்க்கின் சீரியல் எண், எல்பிடி1 என்ற பழைய பிரிண்டர் போர்ட், 32 பிட் விண்டோஸ் என்று பழைய மெஷினில் எதையோ நம்பி அந்த சாஃப்ட்வேர் ஓடிக்கொண்டிருந்தது. அது இப்போது இல்லை.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இரண்டு காரியம். பழைய ஹார்ட் டிஸ்க்கை பார்மட் செய்யாதீர்கள், எக்ஸ்சேஞ்சிலும் கொடுக்காதீர்கள். ஒரு மாதக் கணக்கு முடியும் வரை அது அலமாரியில் இருக்கட்டும். பிறகு, என்ன மாற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள்: டிஸ்க் மட்டுமா, ராமா, போர்டா, விண்டோஸையும் புதிதாகப் போட்டார்களா? கடைசிக் கேள்வி முக்கியம். "போர்டு மாத்தினேன்" என்று சொல்பவர்களில் பலருக்கு, கூடவே விண்டோஸ் 7 போய் விண்டோஸ் 11 வந்ததே உறைத்திருக்காது.

விண்டோஸே ஏறவில்லை

*கறுப்புத் திரையில் "பூட் டிவைஸ் இல்லை" என்று வருகிறது*

குளோன் செய்த, அதாவது பழையதை அப்படியே நகலெடுத்த, புதிய எஸ்எஸ்டி என்றால், பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டுப் புதியதை மட்டும் வைத்து ஏற்றுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் பயாஸ் (மெஷினை ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன் ஓடும் போர்டின் அமைப்பு) எதைப் பிடிக்கும் என்பது அதிர்ஷ்டம்தான். அப்படியும் ஏறாவிட்டால் பயாஸில் பூட் வரிசையைப் பாருங்கள்.

பயாஸிலேயே டிஸ்க் தெரியவில்லையா? எம்.2 வகை எஸ்எஸ்டி (போர்டிலேயே செருகும் மெல்லிய பட்டை) என்றால் அது பழைய சேட்டா இணைப்பா, வேகமான என்விஎம்இயா என்று ஸ்டிக்கரைப் படியுங்கள். பார்க்க ஒன்றுபோல இருக்கும். சில போர்டுகளின் எம்.2 ஸ்லாட் இரண்டில் ஒன்றைத்தான் ஏற்கும். இன்டெல் நான்காம் தலைமுறைக்கும் அதற்கு முந்தைய போர்டுகளுக்கும் அடாப்டர் கார்டு வைத்து என்விஎம்இ போட்டால், விண்டோஸுக்குள் டிஸ்க் தெரியும், ஆனால் அதிலிருந்து பெரும்பாலும் பூட் ஆகாது. அந்த வயதுப் போர்டுக்கு 2.5 அங்குல சேட்டா எஸ்எஸ்டி போதும். வேக வித்தியாசம் பில்லிங் கடையில் யாருக்கும் தெரியப் போவதில்லை.

டிஸ்க் தெரிகிறது, ஆனால் பூட் ஆகவில்லை, போர்டும் புதியது என்றால் அடுத்த சந்தேகம் பார்ட்டிஷன் வகை, அதாவது டிஸ்க்கைப் பிரித்த முறை. பழைய விண்டோஸ் எம்பிஆர் என்ற பழைய வகை டிஸ்க்கில், லெகஸி என்ற பழைய பூட் முறையில் போடப்பட்டிருக்கும். புதிய போர்டு யூஇஎஃப்ஐ என்ற புதிய முறை மட்டும்தான் பேசும். பயாஸில் பழைய முறையை அனுமதிக்கும் சிஎஸ்எம் என்ற வசதி இருந்தால் அதை ஆன் செய்து பாருங்கள். இல்லையென்றால், விண்டோஸ் 10 உடன் வரும் எம்பிஆர்டூஜிபிடி என்ற கருவி டேட்டா போகாமல் புதிய முறைக்கேற்ற ஜிபிடி வகைக்கு மாற்றித் தரும். அதற்கு மூன்று பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் இருக்கக் கூடாது, லாஜிக்கல் பார்ட்டிஷன் அறவே கூடாது. நம் ஊர்க் கம்ப்யூட்டர்களில் சி, டி, இ, எஃப் என்று நான்கைந்தாகப் பிரித்து வைத்திருப்பார்கள், அதனால் இந்தக் கருவி பாதி இடங்களில் மறுத்துவிடும். அப்படி மறுத்தால் நீங்களாகப் பார்ட்டிஷனை அழித்துப் பார்க்காதீர்கள். ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம் அது.

*நீலத் திரையில் "இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்"*

பயாஸில் சேட்டா மோட் (போர்டு டிஸ்க்கோடு பேசும் முறை) மாறியிருக்கும். பழைய போர்டில் ஐடிஇ அல்லது ரெய்டு என்று இருந்தது, இதில் ஏஎச்சிஐ. பழைய மோடையே வைத்துப் பாருங்கள், ஏறிவிட்டால் காரணம் உறுதி. அப்புறம் எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் கருவியில் சேஃப் பூட் டிக் செய்து, மெஷினை நிறுத்தி, பயாஸில் ஏஎச்சிஐக்கு மாற்றி ஒருமுறை சேஃப் மோடில் ஏற்றுங்கள். விண்டோஸ் தனக்கு வேண்டிய டிரைவரை எடுத்துக்கொள்ளும். பிறகு டிக்கை எடுத்துவிடலாம்.

*நீலத் திரை 48 இலக்க ரெகவரி கீ கேட்கிறது*

இது பிட்லாக்கர். போர்டு மாறினாலோ பயாஸ் அப்டேட் செய்தாலோ டிஸ்க்கின் பூட்டு "இது வேறு மெஷின்" என்று நினைத்துக் கேட்கும். "நான் பூட்டே போடலையே" என்பார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்து விண்டோஸ் போட்ட லேப்டாப்களில் அது தானாகவே விழுந்திருக்கும். அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் வேறு போனிலிருந்து நுழைந்தால் டிவைஸ் பட்டியலில் அந்த எண் இருக்கும். வீட்டில் எந்த மெயில் ஐடியெல்லாம் உண்டோ அத்தனையிலும் தேடுங்கள். கடைக்காரர் லேப்டாப்பைக் கொடுத்த அன்று அவருடைய மெயிலையே போட்டுக் கொடுத்திருந்தால் அவரிடமும் கேளுங்கள்.

சாவி எங்கும் கிடைக்காவிட்டால் டேட்டாவை யாரும் மீட்க முடியாது. "நான் எடுத்துத் தர்றேன்" என்று பணம் கேட்பவரை நம்ப வேண்டாம். இன்னும் மாற்றாமல் இதைப் படித்துக்கொண்டிருந்தால், மாற்றுவதற்கு முன் பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்துவிடுங்கள்.

*விண்டோஸ் போடப் போனால் டிஸ்க்கே காட்டவில்லை, அல்லது மவுஸ் நகரவில்லை*

இன்டெல் 11ஆம் தலைமுறையும் அதற்குப் பிறகும் என்றால், பயாஸில் விஎம்டி என்ற இன்டெல் டிஸ்க் அமைப்பு ஆனில் இருக்கலாம். புதிதாக விண்டோஸ் போடுகிறீர்கள் என்றால் அதை ஆஃப் செய்துவிட்டுப் போடலாம். இல்லையென்றால் போர்டு கம்பெனியின் தளத்திலிருந்து ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரைப் பென்டிரைவில் இறக்கி "லோட் டிரைவர்" கொடுக்க வேண்டும்.

விண்டோஸ் 7 சிடியைப் போட்டு, முதல் திரையிலேயே கீபோர்டும் மவுஸும் உறைந்துவிட்டதா? இன்டெல் ஆறாம் தலைமுறைப் போர்டுகளிலிருந்தே இந்தத் தொல்லை இருக்கிறது. அந்த சிடியில் யூஎஸ்பி 3 டிரைவர் கிடையாது. பழைய வட்ட முனை பிஎஸ்2 கீபோர்டு இருந்தால் தாண்டலாம். ஆனால் தாண்டித்தான் ஆக வேண்டுமா? விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு நின்றுவிட்டது. ஒரே ஒரு சாஃப்ட்வேருக்காக அதைப் புதிய போர்டில் ஏற்றுவதைவிட, 64 பிட் பகுதியில் கீழே சொல்லியிருக்கும் வழிகள் மேல்.

விண்டோஸ் ஏறிவிட்டது, நெட் வரவில்லை

போர்டு மாற்றினால் லேன் டிரைவர் போய்விடும், டிரைவரை இறக்க நெட் வேண்டும். ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் செருகி, யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். அதற்கான டிரைவர் விண்டோஸிலேயே உண்டு. அந்த நெட்டில் லேன் டிரைவரை இறக்கிக்கொள்ளலாம்.

டிரைவர் சரி, கேபிள் சரி, இருந்தும் நெட் இல்லை என்றால் உள்ளூர் இணைப்புக்காரருக்கு போன் செய்து "மேக் அட்ரஸ் மாறிடுச்சு, ரீசெட் பண்ணுங்க" என்று சொல்லுங்கள். ரவுட்டர் இல்லாமல் நேராக கம்ப்யூட்டரில் கேபிள் செருகும் இணைப்புகளில் அவர்கள் பழைய கார்டின் முகவரியைக் கட்டி வைத்திருப்பார்கள். ஒரு போனில் முடிகிற வேலை.

"ஆக்டிவேட் விண்டோஸ்" என்று மூலையில் நிற்கிறது

எஸ்எஸ்டி, ராம் மாற்றியதற்கு இது வருவது அரிது. வந்தால், புதிதாகப் போட்டவர் ஹோமுக்குப் பதில் புரோ போட்டுவிட்டாரா என்று முதலில் பாருங்கள். உரிமம் எந்தப் பதிப்புக்கோ அதைப் போட்டால்தான் தானாக ஆக்டிவேட் ஆகும்.

போர்டு மாறியிருந்தால், விண்டோஸைப் பொறுத்தவரை அது வேறு கம்ப்யூட்டர். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்துக்குப் போய் டிரபிள்ஷூட் கொடுத்தால், சமீபத்தில் ஹார்ட்வேர் மாற்றியதாகச் சொல்லும் ஒரு வரி வரும். பழைய போர்டில் இருக்கும்போதே உரிமத்தை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்திருந்தால்தான் அது வேலை செய்யும். தனியாக வாங்கிய ரீடெயில் உரிமம் என்றால் புதிய போர்டுக்கு வரும். கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்த ஓஇஎம் உரிமம் பழைய போர்டோடு போயிற்று. கேபினட்டில் ஒட்டியிருக்கும் விண்டோஸ் 7 ஸ்டிக்கர் எண்ணை விண்டோஸ் 10இல் அடித்தால் ஒரு காலத்தில் எடுத்துக்கொண்டது. 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் அந்த வழியை மூடிவிட்டது.

இதற்கு கிராக் போடும் ஆளைக் கூப்பிடாதீர்கள். நெறிமுறை ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த ஆக்டிவேட்டர்கள் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லித்தான் உள்ளே வருகின்றன, அதே மெஷினில்தான் உங்கள் பேங்க் வேலையும் நடக்கிறது.

ராம் கூட்டியும் வேகம் கூடவில்லை. 64 பிட்டுக்குப் போனதும் பழைய பில்லிங் ஓடவில்லை

இரண்டும் ஒரே நூலின் இரு முனைகள் என்பதால் சேர்த்தே சொல்கிறேன்.

8 ஜிபி போட்டும் "பயன்படுத்தக்கூடியது 3 ஜிபி சொச்சம்" என்று காட்டினால், விண்டோஸ் 32 பிட். சிஸ்டம் பக்கத்தில் "சிஸ்டம் டைப்" என்ற வரியைப் பாருங்கள். 32 பிட்டை அப்படியே 64 ஆக மாற்ற முடியாது, புதிதாகத்தான் போட வேண்டும். அதே பதிப்பு என்றால் உரிமம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஆனால் அவசரப்படாதீர்கள். 64 பிட் விண்டோஸில் 16 பிட் புரோகிராம் எதுவும் ஓடாது. அடகுக் கடை, மருந்துக் கடை, சிட் ஃபண்ட், அரிசி மண்டி என்று பல இடங்களில் இன்னமும் ஃபாக்ஸ்புரோ, கிளிப்பர் என்ற, விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துக் கருவிகளில் எழுதிய கறுப்புத் திரைப் புரோகிராம்கள்தான் கணக்கைத் தாங்குகின்றன. எழுதிக் கொடுத்தவர் எங்கே என்றே தெரியாது, ஆனால் புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும். உங்களுடையது அந்த வகையா என்று தெரிந்துகொள்ள, அதன் ஃபோல்டரைத் திறந்து டிபிஎஃப் என்று முடியும் கோப்புகள் இருக்கின்றனவா, திறந்ததும் கறுப்பு அல்லது நீலக் கட்டத்தில் எழுத்து மட்டும் வருகிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஆமாம் என்றால் 64 பிட்டில் "இந்த ஆப் உங்கள் பிசியில் ஓடாது" என்ற செய்திக்குத் தயாராக இருங்கள். கம்பேட்டிபிலிட்டி பக்கத்தில் விண்டோஸ் 98, எக்ஸ்பி என்று மாற்றி மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை.

செலவு குறைந்த வழியிலிருந்து பார்த்தால்:

முதலில் விடாஸ். டாஸ் காலத்து அலுவலகப் புரோகிராம்களுக்கென்றே செய்த கருவி. பிரிண்டரையும் அதுவே விண்டோஸ் பிரிண்டருக்குத் திருப்பிவிடும். ஃபோல்டரை நகல் எடுத்து, நகலில் மட்டும் ஓட்டிப் பாருங்கள்.

டாஸ்பாக்ஸ் பலருக்கும் தெரிந்த பெயர், ஆனால் அது பழைய கேம்களை ஓட்டுவதற்காகச் செய்தது. ஒரே மெஷினில் ஒற்றை ஆள் கணக்கு எழுத ஒப்பேற்றலாம். லேனில் மூன்று பேர் ஒரே டிபிஎஃப் கோப்பைத் திறக்கும் இடத்தில் நான் அதை வைக்க மாட்டேன். ஒருவர் எழுதும்போது மற்றவரைத் தடுக்கும் ரெக்கார்டு லாக் சரியாக நடக்காவிட்டால் இன்டெக்ஸ் (தேடல் பட்டியல்) கெடும், அது உங்களுக்குத் தெரிய வருவதே ஆண்டு முடிவில்தான்.

அதற்கடுத்து, மெஷினுக்குள் இன்னொரு மெஷினை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸுக்குள் ஒரு 32 பிட் விண்டோஸ். ராம் 8 ஜிபி இருந்தால் தாராளமாக ஓடும்.

எதுவும் ஒத்துவராவிட்டால் 32 பிட் விண்டோஸ் 10லேயே இருந்துவிடலாம். 16 பிட் அதில் ஓடும், 4 ஜிபிக்கு மேல் போட்ட ராம் வீண். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது, விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. அதனால் இது நெட் இணைக்காத மெஷினுக்கான ஏற்பாடு.

டிபிஎஃப்பிலிருந்து வாடிக்கையாளர் பட்டியலையும் பாக்கியையும் எடுத்துப் புதிய சாஃப்ட்வேருக்குக் கொண்டுபோவதுதான் ஆளை வைத்துச் செய்ய வேண்டிய வேலை. ஃபாக்ஸ்புரோ தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள், இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

*பெரிய டிஸ்க் போட்ட பிறகு "இடம் போதவில்லை"*

400 ஜிபி காலியாக இருக்கும், பழைய புரோகிராம் இடமில்லை என்று அழும். 2 ஜிபிக்கு மேல் எண்ணத் தெரியாத காலத்துப் புரோகிராம் அது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 2 ஜிபிக்குக் கீழே ஒரு சின்னப் பார்ட்டிஷன் உருவாக்கி அதில் வையுங்கள்.

*சாஃப்ட்வேர் திறக்கிறது, "ஓசிஎக்ஸ்" என்று ஏதோ எரர்*

இது விபி6 (விஷுவல் பேசிக் 6) காலத்து 32 பிட் புரோகிராம். 64 பிட்டிலும் ஓடும், பயப்பட வேண்டாம். ஃபோல்டரை மட்டும் நகல் எடுத்து வந்திருப்பார்கள், செட்டப் ஓட்டியிருக்க மாட்டார்கள். செட்டப் சிடி இருந்தால் ரைட் கிளிக் செய்து அட்மினாக ஓட்டுங்கள். "டாட்நெட் 3.5 வேண்டும்" என்று கேட்டால் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் டிக் செய்தால் போதும்.

*தேதி மட்டும் தப்பாகிறது, அல்லது "டைப் மிஸ்மேட்ச்"*

புதிதாகப் போட்ட விண்டோஸ் அமெரிக்கத் தேதி முறையில் இருக்கிறது. ஐந்தாம் மாதம் மூன்றாம் தேதி போட்ட பில், மூன்றாம் மாதம் ஐந்தாம் தேதியாகப் பதிவாகும். பன்னிரண்டாம் தேதி வரை எரரே வராது, பதின்மூன்றாம் தேதி காலையில்தான் புரோகிராம் நிற்கும். அதற்குள் அத்தனை நாள் பில்லும் வேறு மாதத்தில் போய் உட்கார்ந்திருக்கும். ரீஜன் செட்டிங்கில் இங்கிலீஷ் இந்தியா வைத்து, ஷார்ட் டேட்டில் நாள் முதலில் வருமாறு மாற்றுங்கள். புதிய விண்டோஸ் போட்டதும் பில்லிங்கைத் திறப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. ஏற்கெனவே பில் போட்டுவிட்டீர்கள் என்றால் நிறுத்திவிட்டு சாஃப்ட்வேர்க்காரரைக் கூப்பிடுங்கள். பதிவான தேதிகளை அவர்தான் உள்ளே போய்த் திருத்த வேண்டும்.

"டெமோ வெர்ஷன்", "லைசென்ஸ் இல்லை", "டாங்கிள் காணவில்லை"

*டாலி எஜுகேஷனல் மோடில் திறக்கிறது*

டேட்டா எங்கும் போகவில்லை. டாலியின் உரிமம் மெஷினோடு கட்டப்பட்டது. பழைய மெஷின் உயிரோடு இருந்தால் அதில் சரண்டர் கொடுத்துவிட்டு, புதியதில் அதே சீரியல் எண்ணையும் மெயில் ஐடியையும் வைத்து ரீஆக்டிவேட் செய்யலாம். பழைய போர்டு செத்தே போயிருந்தால், அந்த மெயில் ஐடி வழியாக ரீசெட் கேட்க வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள்: மெயில் ஐடி எப்போதோ வேலையை விட்டுப் போன அக்கவுன்டன்ட்டுடையதாக இருக்கும். அப்படியென்றால் விற்ற டீலரிடம் பில்லோடு போக வேண்டியதுதான்.

புதிய மெஷினில் பழைய ரிலீஸுக்குப் பதில் லேட்டஸ்ட் ரிலீஸைப் போட்டிருந்தால், அது டேட்டாவை மைக்ரேட் செய்யட்டுமா என்று கேட்கும். பேக்கப் எடுக்காமல் சரி கொடுக்காதீர்கள். மாறிய டேட்டாவைப் பழைய ரிலீஸில் திறக்க முடியாது, ஆடிட்டர் ஆபீஸில் இன்னமும் பழையது இருக்கலாம்.

*உள்ளூர் ஆள் எழுதிய சாஃப்ட்வேர் டெமோ ஆகிவிட்டது*

இவை பெரும்பாலும் டிஸ்க்கின் எண்ணைப் படித்துப் பூட்டியிருக்கும். அதில் இரண்டு வகை உண்டு. வால்யூம் சீரியல் எண் பார்மட் செய்தால் மாறும், குளோன் செய்தால் அப்படியே வரும். டிஸ்க்கின் தொழிற்சாலை எண் குளோன் செய்தாலும் மாறிவிடும். எனவே புதிதாக விண்டோஸ் போட்டுத் தந்திருந்தால், பழைய டிஸ்க்கை ஒருமுறை குளோன் செய்து பார்ப்பது மதிப்புள்ள முயற்சி. அப்படியும் டெமோ என்றால் எழுதியவரிடம் புதிய கீ வாங்குவதுதான் வழி. பழைய டிஸ்க்கைத் தொடாதீர்கள் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். கீ வரும் வரை அதைச் செருகிக் கடையை ஓட்டலாம், போர்டு மாறாதிருந்தால்.

*யூஎஸ்பி டாங்கிள் செருகியும் கண்டுகொள்ளவில்லை*

டாங்கிளில் (உரிமத்துக்காக சாஃப்ட்வேரோடு தந்த சாவியில்) விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால் பின்பக்கப் போர்ட்டில் மாற்றிச் செருகுங்கள், யூஎஸ்பி 2 போர்ட் இருந்தால் அதில். அப்போதும் எரியவில்லை என்றால் டிரைவர் இல்லை. சாஃப்ட்வேர் சிடியில் இருக்கும் பழைய டிரைவரைப் போடாமல் டாங்கிள் தயாரிப்பாளரின் இப்போதைய ரன்டைம் டிரைவரைப் போடுங்கள்.

டிரைவர் போட்டும் "இந்த டிவைஸில் டிரைவரை ஏற்ற முடியவில்லை" என்று விண்டோஸ் 11 சொன்னால், விண்டோஸ் செக்யூரிட்டியில் டிவைஸ் செக்யூரிட்டி, அதற்குள் கோர் ஐசொலேஷன். அங்கே மெமரி இன்டெக்ரிட்டி ஆனில் இருக்கும், பழைய டிரைவர்களை அது தடுக்கும். ஆஃப் செய்தால் ஓடிவிடும், ஆனால் மெஷினின் ஒரு காவலைக் குறைக்கிறீர்கள். புதிய டிரைவர் இல்லவே இல்லை என்றால் மட்டும் அங்கே கை வையுங்கள்.

பிரிண்டர் போர்ட்டில் செருகும் பழைய தடித்த டாங்கிள் என்றால், யூஎஸ்பியிலிருந்து பேரலலுக்கு மாற்றும் கேபிள் உதவாது. அது பிரிண்டரை மட்டும்தான் புரிந்துகொள்ளும். உண்மையான பேரலல் போர்ட் வேண்டும், அதைப் பற்றி அடுத்து.

டாட் மேட்ரிக்ஸ் அடிக்கவில்லை, எடைமேடை எடை காட்டவில்லை

புதிய போர்டின் பின்பக்கம் பார்த்தால் 25 ஊசிப் பிரிண்டர் துளையும் இல்லை, 9 ஊசி சீரியல் துளையும் இல்லை. ஆனால் போர்டைத் திறந்து பாருங்கள். பட்ஜெட் போர்டுகள் பலவற்றில் காம் (சீரியல்), எல்பிடி (பிரிண்டர்) என்று அச்சிட்ட ஊசி வரிசை உள்ளேயே இருக்கும். சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு பிராக்கெட் கேபிளை அதில் செருகிப் பின்னால் திருகினால் பழையபடி உண்மையான போர்ட். கன்வர்ட்டர் வாங்கப் போகும் முன் போர்டு மேனுவலைப் புரட்டுவது லாபம்.

*யூஎஸ்பி கன்வர்ட்டரில் பிரிண்டர் இருக்கிறது. வேர்டில் அடிக்கிறது, பில்லிங்கில் அடிக்கவில்லை*

பழைய புரோகிராம் எல்பிடி1 என்ற பெயருக்குத்தான் அனுப்பும், கன்வர்ட்டர் அந்தப் பெயரை உருவாக்காது. பிரிண்டரை ஷேர் செய்து, அதற்கு இடைவெளி இல்லாத சின்னப் பெயர் கொடுங்கள். பிறகு கமாண்ட் பிராம்ப்ட்டில் நெட் யூஸ் கட்டளையால் எல்பிடி1ஐ அந்த ஷேர் பெயரோடு கட்டுங்கள், பெர்சிஸ்டன்ட் யெஸ் என்று சேர்த்தால் மறுநாளும் இருக்கும். மெஷினில் நெட்வொர்க் இணைப்பே இல்லையென்றால் சில சமயம் இது நிற்காது. ரவுட்டரோடு ஒரு கேபிளைச் செருகி வைத்தால் சரியாகிவிடும்.

பில் அடிக்கிறது, ஆனால் ஆமை வேகம் என்றால் விண்டோஸ் ஒவ்வொரு எழுத்தையும் படமாக அனுப்புகிறது. டிரைவரை "ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி" என்று மாற்றிப் பாருங்கள். தமிழில் பில் அடிப்பவர்களுக்கு இது ஆகாது, தமிழ் எழுத்து படமாகத்தான் போக வேண்டும்.

*எடைமேடை, பார்கோடு, பழைய பிஓஎஸ்: சீரியல் கன்வர்ட்டர் போட்டும் ஒன்றும் வரவில்லை*

டிவைஸ் மேனேஜரில் போர்ட்ஸ் என்ற வரியைத் திறங்கள். மஞ்சள் முக்கோணமும், பிஎல்2303எச்எக்ஸ்ஏ 2012 முதல் நிறுத்தப்பட்டது, சப்ளையரைக் கேளுங்கள் என்ற வாசகமும் இருந்தால், உங்கள் கேபிளின் சிப் பழையது அல்லது போலி. புதிய டிரைவர் அதை வேண்டுமென்றே மறுக்கிறது. 2008 காலத்துப் பழைய டிரைவருக்குத் திரும்பினால் பெரும்பாலும் ஓடும். ஆனால் அடுத்த விண்டோஸ் அப்டேட்டில் மறுபடி புதியது வந்து உட்காரும். எஃப்டிடிஐ நிறுவனத்தின் சிப் உள்ள கேபிள் கொஞ்சம் விலை கூட, அதை வாங்கிவிட்டால் இந்த விளையாட்டு முடிந்தது.

மஞ்சள் குறி இல்லை, ஆனால் எடை வரவில்லை என்றால் எண்ணைப் பாருங்கள். காம்12 என்று வந்திருக்கும். பழைய சாஃப்ட்வேர் காம்1, காம்2ஐத் தாண்டிப் பார்க்காது. அந்தப் போர்ட்டின் பிராப்பர்ட்டீஸில் போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு என்று போய் எண்ணைக் காம்1 ஆக்குங்கள். "பயன்பாட்டில் உள்ளது" என்று எச்சரித்தாலும், அது கழற்றிப் போட்ட பழைய கேபிளின் நிழலாக இருந்தால் துணிந்து கொடுக்கலாம். கன்வர்ட்டரைத் தினமும் ஒரே யூஎஸ்பி துளையில் செருகுங்கள், மாற்றினால் எண் மாறிவிடக்கூடும்.

இத்தனைக்குப் பிறகும் எடை வரவில்லை என்றால் எடைமேடைக்காரரைக் கூப்பிடுங்கள். முத்திரை வைத்த இண்டிகேட்டரை நீங்கள் திறக்கக் கூடாது, அது எடையளவுத் துறையின் முத்திரை.

டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வேலை செய்யவில்லை

ஜிஎஸ்டி, வருமான வரி தாக்கல் செய்யும் கடைசி நாளில்தான் இது கண்ணில் படும். சான்றிதழ் டோக்கன் என்ற அந்த யூஎஸ்பி சாதனத்துக்குள் இருக்கிறது, பழைய டிஸ்க்கோடு போகவில்லை. டோக்கனின் டிரைவரைப் புதிய மெஷினில் போடுங்கள். ஜிஎஸ்டி தளத்துக்கு எம்சைனர், வருமான வரித் தளத்துக்கு எம்பிரிட்ஜ் என்ற மென்பொருள் வேண்டும், இரண்டும் தனித்தனி. ஒன்றில் ஓடினால் மற்றதிலும் ஓடும் என்று நினைக்க வேண்டாம். போட்ட பிறகு அவற்றை அட்மினாகத் திறந்து வைத்துவிட்டு பிரவுசரைத் திறங்கள்.

இரண்டு எச்சரிக்கை. டோக்கனின் பின் (ரகசிய) எண்ணை யூகித்து அடிக்காதீர்கள், சில தவறுகளில் டோக்கன் பூட்டிக்கொள்ளும். டிரைவர் மென்பொருளில் இனிஷியலைஸ் என்ற பொத்தான் இருந்தால் தொடவே கூடாது, சான்றிதழ் அழிந்துவிடும். அதற்கு மேல் சான்றிதழ் விற்றவரிடம்தான் போக வேண்டும்.

தமிழ் எழுத்து குப்பையாக வருகிறது, அல்லது தட்டச்சே ஆகவில்லை

டிடிபி கடைகளுக்கு இது. பேஜ்மேக்கர், கோரல்டிராவில் பழைய கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்து வருகிறதா? பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள் புதிய விண்டோஸில் இல்லை, அவ்வளவுதான். கோப்பு கெடவில்லை, அப்படியே சேவ் மட்டும் செய்துவிடாதீர்கள். பழைய டிஸ்க்கைச் செருகி, அதன் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து எடுத்துப் போடுங்கள். பெயர் ஒன்றாகவும் உள்ளே எழுத்து இடம் வேறாகவும் இருக்கும் எழுத்துருக்கள் ஏராளம். நெட்டில் அதே பெயரில் கிடைப்பதைவிட உங்கள் பழைய டிஸ்க்கில் இருப்பதுதான் நம்பகம்.

புதிய மெஷினோடு புதிய இன்டிசைனுக்கும் போயிருந்தால், பிஎஃப்பி, பிஎஃப்எம் என்று முடியும் டைப் 1 எழுத்துருக்கள் அதில் தெரியாது. அடோபி 2023 ஜனவரியோடு அந்த வகையைக் கைவிட்டது. ட்ரூடைப் பதிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள், இல்லையென்றால் பழைய வேலைகளுக்குப் பழைய பதிப்பையும் ஒரு மெஷினில் வைத்திருக்க வேண்டும்.

நோட்பேடில் தமிழ் வருகிறது, பேஜ்மேக்கரில் மட்டும் வரவில்லை என்றால் பலர் பேஜ்மேக்கரையே கழற்றிப் போடுகிறார்கள். தேவையில்லை. பேஜ்மேக்கரை அட்மினாக ஓட்டுகிறீர்கள், தட்டச்சு மென்பொருளைச் சாதாரணமாக ஓட்டுகிறீர்கள். கீழ்நிலையில் ஓடும் புரோகிராம் மேல்நிலையில் ஓடுவதன் விசைகளைத் தொட விண்டோஸ் விடாது. தட்டச்சு மென்பொருளையும் அட்மினாக ஓட்டுங்கள்.

புதிய பெரிய மானிட்டரில் பழைய சாஃப்ட்வேரின் எழுத்து பொடிப்பொடியாகத் தெரிந்தால், அதன் ஷார்ட்கட்டின் பிராப்பர்ட்டீஸ், கம்பேட்டிபிலிட்டி, ஹை டிபிஐ செட்டிங்ஸ். ஓவர்ரைடு டிக் செய்து "சிஸ்டம் என்ஹான்ஸ்டு" தேர்ந்தெடுங்கள். கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தாலும் படிக்க முடியும்.

எந்த சாஃப்ட்வேர் என்றில்லாமல் நின்று நின்று போகிறது

ஒரே புரோகிராம் ஒரே இடத்தில் நின்றால் அது ஒத்துப்போகாத சிக்கல். இன்று டாலி, நாளை பிரவுசர், அப்புறம் நீலத் திரை என்று மாறி மாறி வந்தால் சாஃப்ட்வேரை விட்டுவிடுங்கள். புதிதாகப் போட்ட ராமைக் கழற்றிப் பழையதோடு மட்டும் ஒரு நாள் ஓட்டுங்கள். நிற்கவில்லை என்றால் புதியதை மட்டும் வைத்து ஓட்டுங்கள். பயாஸில் எக்ஸ்எம்பி (ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆனில் இருந்தால் ஆஃப் செய்யுங்கள். ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்று தேடி ஒரு ராத்திரி ஓடவிடுங்கள். அது பிழை காட்டினால் வாங்கிய பில்லோடு ராமைத் திருப்பிக் கொடுங்கள். பிழை இல்லை, இருந்தும் நிற்கிறது என்றால் பவர் சப்ளையைச் சோதிக்க ஆள் வேண்டும். அதற்குள் தினமும் டேட்டாவைப் பென்டிரைவில் எடுத்து வையுங்கள், எழுதிக்கொண்டிருக்கும்போது நின்றால் முதலில் கெடுவது கணக்குக் கோப்புதான்.